சூடு இறங்கிய குழி

புல் மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் எழுத்தெல்லாம் மற்றவர்கள் வாசிப்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். மூன்று மொழியில் போட்டிருந்தார்கள். மூன்றிலும் வாசிக்கவில்லை.

எல்கடுவைக்கும் மாத்தளைக்கும் இடையில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்வது வலது மணிக்கட்டு மட்டும்தான். மிச்சமெல்லாம் லீவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிச் செய்த தட்டில் போஞ்சி என்கிற பீன்ஸ் போடுகிறவள் என் மனைவி. இந்த வருடம்தான் அவள் தேயிலைக் கொழுந்துக் கூடையைக் கழற்றி மூலையில் வைத்தாள். "இனி கங்காணிகிட்ட ஏச்சு வாங்க முடியாது. என் போஞ்சி எனக்குப் போதும்" என்று தன் அண்ணனிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற லொறியில் அவளுடைய போஞ்சி ஏறினால் அந்தப் பேச்சு நிலைக்கும். ஏறாவிட்டால் மறுபடியும் கொழுந்து பறிக்க மலைக்குத்தான்.

தன் தங்கச்சி மகள் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்காக அவள் தம்புள்ளைக்குப் புறப்பட்டாள். போகும்போது சொன்னது ஒன்றுதான்.

"வர்றதுக்குள்ள தட்டுல இருக்கிற புல்ல சுரண்டி வைங்க. வந்ததும் நட்டுறலாம்."

சுரண்டியை எடுத்துப் பார்த்தேன். பிடியில் அவளுடைய கை பட்டுப் பட்டு வழவழவென்றிருந்தது. என் கைக்குப் பொருந்தவில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டு மச்சானிடம் போனேன். அவளுடைய அண்ணன், தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற ஆள். முதுகில் மாட்டுகிற மெசினையும் ஒரு போத்தலையும் கொடுத்தார்.

"ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி மச்சான். கூட ஊத்திறாதீங்க."

"ரெண்டு மூடியில புல்லு செத்துருமா?"

"புல்லு சாகும். நீங்களும் சாகணும்னா கூட ஊத்துங்க."

கூட ஊற்றினேன். இலையில் ஒட்டட்டும் என்று, ஆண்கள் கூட்டத்தில் காதில் விழுந்த யோசனைப்படி, உடுப்புத் தோய்க்கிற பவுடரையும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அவள் கோயிலுக்குத் தலையில் போட்டுப் போகிற லேஸ் துணிகளில் ஒன்றை மூக்கில் சுற்றிக்கொண்டேன். கள்ளனும் மணப்பெண்ணும் கலந்த மாதிரி இருந்திருப்பேன். குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை. சோற்றில் இருந்தது, தேத்தண்ணியில் இருந்தது, உதட்டை நக்கினால் அங்கேயும் இருந்தது. இதற்கு மருந்து என்று பெயர் வைத்தவனைப் பிடித்து ஒரு கரண்டி குடிக்கவைக்க வேண்டும்.

சில நாளில் புல் சிவந்து படுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனையையும் வாரி அவளுடைய குப்பைக்குழியில் கொட்டினேன். மெசினைக் கழுவிய தண்ணீரையும், வேறெங்கே ஊற்றுவது என்று, அதே குழியில் ஊற்றினேன். என் வாழ்க்கையில் நான் சுத்தபத்தமாக இருந்தது அந்த ஒருநாள்தான்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போஞ்சிக்கு எருவாக்க, சாணி, வேலிக் கிளிசிரியா இலை, அடுப்புச் சாம்பல் என்று மாதக்கணக்காக அவள் ஊட்டி வளர்த்தது. விடியற்காலையில் ஆவி பறக்கும். அலவாங்கு என்கிற கடப்பாரையை நடுவில் குத்தி, கொஞ்சநேரம் விட்டு, உருவி, உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பாள். கை சுட்டால் சிரிப்பாள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் இராப்பகலாக வேலை செய்கிறது. பற்றீரியா, பூஞ்சணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பேர் இல்லாத, கங்காணி இல்லாத கூட்டம். அவர்களுடைய வேர்வைதான் அந்தச் சூடு.

அவள் வந்தாள். தட்டைப் பார்த்தாள். நேரே குழிக்குப் போய் அலவாங்கைக் குத்தினாள். உருவித் தொட்டாள். மறுபடி குத்தி மறுபடி தொட்டாள்.

"என்ன செஞ்சீங்க?"

"மழை பெய்ஞ்சிச்சி புள்ள. அதான் ஆறிப்போயிருக்கு."

"மழை என்னைக்கும்தான் பெய்யுது."

எரு இல்லாமலே விதையை ஊன்றினாள், மழை காத்திருக்காதே. முளை வந்தது. வந்த கையோடு மஞ்சளித்து, அடுத்த இலை விட மனமில்லாமல் நின்றது.

"குழியக் கிளறிப் பாருங்க," என்றாள். "நான் தொட மாட்டேன்."

எருக் கிளறுகிற முள்ளை விட்டுப் புரட்டினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. நல்ல குழியில் சாணி கூட நாறாது. காட்டு மண் போல மணக்கும். இதுவோ அடைபட்ட சாக்கடைக் கானைத் திறந்த மாதிரி. நான் கொட்டிய புல் கொட்டியபடியே கிடந்தது, நரைத்து, சளி பூசி. முள்ளைத் தூக்கினால் கயிறு கயிறாகத் தொங்கியது. புழு இல்லை. வெள்ளை நூலாகப் படர்கிற பூஞ்சணம் இல்லை. எறும்பு கூட விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது. என்னைவிடப் புத்தி உள்ளது. அழுகுவதற்குக் கூட உயிர் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சட்டையில் தெறித்ததைத் துடைக்கப் போய் முகத்தில் பூசிக்கொண்டேன். வேலிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

குனிந்த இடத்தில்தான் அந்த வரிசை கண்ணில் பட்டது. வேலியோரம், டேங்க் தீர்ந்துபோய் நான் அடிக்காமல் விட்ட துண்டு. அங்கே மட்டும் போஞ்சி கரும்பச்சையாக நின்றது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்கக் குருணை குருணையாகச் சிறுகணுக்கள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. பரீட்சையில் நான் பிழைவிட்ட கேள்வி அது. பற்றீரியா குடியிருந்து செடிக்குச் சோறு போடுகிற வீடுகள். மஞ்சளித்த பக்கத்தில் ஒன்றைப் பிடுங்கினேன். மொட்டை வேர். மண்ணை மோந்து பார்த்தேன். மழை நின்ற ஈரமண், ஆனால் மண் வாசம் இல்லை. சவர்க்கார வாசம் இருந்தது, அல்லது என் மூக்கு அப்படிச் சொன்னது.

இரண்டு செடியையும் அவளிடம் நீட்டினேன். மூடிக் கணக்கு, பவுடர், கழுவிய தண்ணீர், லேஸ் துணி எல்லாவற்றையும் சொன்னேன். லேஸ் துணிக்கு மட்டும் முறைத்தாள்.

அந்தப் போகத்தில் லொறிக்காரர் எங்கள் ரோட்டு முடக்கில் நிற்கவே இல்லை. வேலியோரத்து வரிசை எங்கள் கறிக்குத்தான் காணும்.

நாறிய குழியை அள்ளி ஒதுக்கிவிட்டு, மச்சானின் மாட்டுப்பட்டியிலிருந்து சாணியும், வேலியோரத்து மண்ணும் கொண்டுவந்து புதுக்குழி போட்டேன். ஆட்டோவின் பின் சீட்டில்தான் சாணி வந்தது. இப்போதெல்லாம் ஏறுகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள். விடிந்ததும் அலவாங்கைக் குத்தித் தொட்டுப் பார்ப்பது என் வேலை. இரும்பு ஜில்லென்றுதான் இருக்கிறது.

இன்று காலையும் தொட்டுவிட்டு நிமிர்ந்தேன். மூலையில் கிடந்த கூடையைத் தட்டி, சிலந்தி வலையைத் துடைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். முந்தின நாளே கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டாளாம்.

"இன்னும் கொஞ்சநாள் பாப்பமே புள்ள. இனி புல்லெல்லாம் நானே சுரண்டுறேன். நீ போகாத."

படியில் இறங்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"சூடு வந்தா சொல்லியனுப்புங்க."