நாற்பத்திரண்டு ஃபிரேம் இருட்டு

கத்திரியைக் கோபக்காரி என்று சொல்ல முடியாது. கோபக்காரர்கள் நாலு கத்துக் கத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். கத்திரி அப்படியில்லை. அவள் வைத்துக்கொள்கிறவள். ஒரு வருடமா, இரண்டு வருடமா? நாற்பத்தாறு வருடம் வைத்திருந்தாள், ஊறுகாய் மாதிரி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

கத்திரி என்பது ஸ்டூடியோவில் வைத்த பெயர். அவள் நெகட்டிவ் வெட்டுகிறவளாக இருந்தாள். எடிட்டர் ஆயிரம் தடவை வெட்டி ஒட்டி விளையாடுவதெல்லாம் நகலில். அது முடிந்த பிறகு, கேமராவில் ஓடிய அசல் பிலிமை அதே கணக்கில் வெட்டிச் சேர்க்க ஒருத்தி வேண்டும். அங்கே இன்னொரு தடவை என்ற பேச்சே கிடையாது. வெட்டினால் வெட்டினதுதான். தூசி நுழையாத அறை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை, கையில் வெள்ளைப் பருத்தி உறை. இருபத்து நாலு வயதுக்குள் பதினொரு படம் வெட்டியிருந்தாள், ஒரு மயிரிழை பிசகியதில்லை. பன்னிரண்டாவது படத்தில் வாழ்க்கை பிசகியது.

அது ஒரு கறுப்பு வெள்ளைக் கொலைப்படம். முழுக்க மழை, நிழல், சிகரெட் புகை, யாரை நம்புவது என்று தெரியாத ஒரு பெண். வந்த காலத்தில் நன்றாக ஓடியது. பிறகு காணாமல் போய், வயதாக வயதாகக் காவியமாகிவிட்டது. போன வருடம் ஒரு கம்பெனி அதைத் தூசி தட்டி, கீறல் நீக்கி, டிஸ்க்காக வெளியிட்டது. கூடவே ஒரு வர்ணனை: படம் ஓடும்போதே பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் கதை சொல்லிக்கொண்டே போவார். பேசியவர், அன்றைக்கு உதவி இயக்குநராக இருந்த தொப்பிக்காரர். வெயிலோ மழையோ தலையில் தொப்பி இருக்கும். இயக்குநரும் போய்விட்டார், எடிட்டரும் போய்விட்டார், மிச்சம் இருந்தது தொப்பிதான். இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

டிஸ்க்கைக் கொண்டுவந்தது கத்திரியின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஊரார் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கியவள். இப்போது அக்காவோடுதான் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பகலில் இருவரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

அந்த இடம் வந்தது. ஓட்டல் அறை. கதவு திறக்கிறது. நாயகியின் கண்கள் விரிகின்றன. திடீரென்று திரை முழுக்க இருட்டு. இருட்டுக்குள் ஒரு துப்பாக்கிச் சத்தம். மறுபடி வெளிச்சம் வரும்போது தரையில் ஒரு தொப்பி உருண்டுகொண்டிருக்கிறது. சுட்டது யார் என்று கடைசிவரை தெரியாது. அதுதான் படத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இடம்.

கண்கள் விரிவதற்கு முன்பே தொப்பிக்காரரின் குரல் ஆரம்பித்துவிட்டது. "இப்ப வரப்போற கடைசி ஃபிரேம்ல நிறுத்திப் பாருங்க, கீழ் மூலையில ஒரு விரல் ரேகை தெரியும். நெகட்டிவ் ரூம்ல ஒரு பொண்ணு இருந்தா. கையுறைகூடப் போடாம வேலை பார்த்திருக்கா!"

இருட்டு வந்தது. துப்பாக்கி வெடித்தது.

"இந்த இருட்டு என் யோசனை," என்றது குரல். "சரியா நாற்பத்திரண்டு ஃபிரேம். ஒண்ணே முக்கால் வினாடி. உட்கார்ந்து எண்ணினேன். ஆங், அந்தப் பொண்ணு… அவளை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டோம்." ஒரு சிரிப்பு வேறு.

தங்கை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கத்திரியின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"அக்கா…"

"பின்னாடி ஓட்டு. இன்னொரு தடவை கேக்கணும்."

நடந்தது இதுதான். அன்று அவள் மேசைமேல் ஓட்டல் காட்சியின் நெகட்டிவ் கிடந்தது. தொப்பிக்காரர் வாயில் சிகரெட்டோடு உள்ளே வந்தார். அந்த அறையில் தீக்குச்சிகூடக் கூடாது. பொரித்த எதையோ தின்ற கையோடு, நாயகி பிலிமில் எப்படி விழுந்திருக்கிறாள் பார்க்கலாம் என்று பிலிமை வெடுக்கென்று உருவி விளக்குக்கு நேரே தூக்கினார். சிகரெட் நுனி பட்டது. "சார், சார்!" என்று இவள் கத்தியதில் பதறி இழுத்தார். ஓரத்துளைகள் வரிசையாகக் கிழிந்தன. சுட்டவனின் முகம் இருந்த நாற்பத்திரண்டு ஃபிரேமும் பொசுங்கிச் சுருண்டுபோயின. அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா, நான் பாத்துக்கிறேன்," என்று போய்விட்டார்.

ஒலியை ஏற்கெனவே வெட்டிச் சேர்த்தாகிவிட்டது. இங்கே நீளம் குறைந்தால் படம் முழுக்க உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அதனால் போன துண்டின் நீளத்துக்கே எண்ணி, படமே இல்லாத தெளிந்த பிலிமை அங்கே ஒட்டினாள். நெகட்டிவில் வெறுமையாக இருப்பதுதான் திரையில் இருட்டாக விழும். பக்கத்து ஃபிரேமில் எண்ணெய் ரேகை இருந்ததையும் பார்த்தாள். நேரமாகிவிட்டது, காலையில் துடைக்கலாம் என்று வைத்தாள். காலையில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நெகட்டிவைப் பாழாக்கியவள் என்று தொப்பிக்காரர் சொல்லியிருந்தார். இயக்குநர் அந்த இருட்டைப் பார்த்துவிட்டு இதுவே இருக்கட்டும் என்றாராம். இருட்டு உள்ளே இருந்தது. அதை ஒட்டியவள் வெளியே நின்றாள்.

ஸ்டூடியோக்காரர்களுக்குள் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? அவள் கையில் நெகட்டிவைக் கொடுக்காதே என்று ஆகிவிட்டது. பிறகு சட்டைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி வெட்டினாள், முப்பத்தொரு வருடம். ஒரே வீச்சில் நாற்பது அடுக்குத் துணி. அங்கேயும் பிசகியதில்லை. ஆனால் கழுத்துப்பட்டியை யார் இரண்டு மணி நேரம் வாய் பிளந்து பார்க்கிறார்கள்?

வேலை போனதைக்கூட விழுங்கியிருப்பாள். வர்ணனைக்கு வந்த வரவேற்புதான் தொண்டையில் சிக்கியது. பழைய படப் பைத்தியங்கள் கூடும் இணையதளம் ஒன்றைத் தங்கை கண்டுபிடித்தாள். மழைக்கோட்டு, இருட்டுப்பூனை, ஏழாம் மாடி என்றெல்லாம் புனைபெயர் வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"'படத்தைவிட வர்ணனை அருமை. தொப்பி ஐயா நடமாடும் பொக்கிஷம்.' மழைக்கோட்டு எழுதியிருக்கான்."

"ம்."

"'அந்த நாற்பத்திரண்டு ஃபிரேமை யோசிச்ச மூளைக்குக் கோயில் கட்டலாம்.'"

"கட்டட்டும். அடுத்து?"

தங்கை தயங்கினாள். "விடேன் அக்கா."

"வாசிடி."

"'அந்தக் கைநாட்டு அக்கா இப்ப எங்க இருக்காங்களோ, அடுப்படியிலயாவது கையுறை போடுறாங்களா?' இருட்டுப்பூனை. இதுக்கு முந்நூத்திப் பன்னெண்டு பேர் சிரிச்சிருக்காங்க."

கைநாட்டு அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எவனாவது தட்டுத்தடுமாறி ஏதாவது செய்தால் 'கைநாட்டு அக்கா வேலை' என்று எழுதினார்கள். கத்திரி அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அழவில்லை. பதினொரு படத்தில் ஒரு தூசி விட்டதில்லை, கடைசியில் உலகத்துக்குத் தெரிந்தது இந்தப் பெயர்தானா? அந்த ரேகை தன்னுடையது இல்லை என்று நிரூபிக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று முடிவு செய்தாள். நிரூபித்தால் போதாது, அந்தத் தொப்பிக்காரன் தலை குனிய வேண்டும்.

தொப்பிக்காரரின் வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வடு உண்டு. பிலிம் டப்பா மூடி வெட்டியது. கட்டுப் போட்டுவிட்டதே கத்திரிதான், தன் கையுறை ஒன்றைக் கிழித்து. ஆனால் எண்பது வயதுக்காரரின் கட்டைவிரலை எங்கே போய்ப் பிடிப்பது? முகவரி தெரிந்தாலும், "ஐயா, விரலைக் காட்டுங்க" என்றால் காட்டுவாரா?

காட்டினார். ஊருக்கே காட்டினார். கைநாட்டு நகைச்சுவை இவ்வளவு எடுபட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரசிகர் கூட்டமொன்றில் டிஸ்க் உறைகளில் கையெழுத்துப் போட்டவர், பக்கத்தில் ஒரு மைப்பெட்டியையும் வைத்துக்கொண்டு, "கைநாட்டும் வேணுமா?" என்று கேட்டு, கட்டைவிரலைக் குத்திக் குத்திக் கொடுத்தார். மழைக்கோட்டு அதைப் பெருமையாகப் படம் பிடித்துத் தளத்தில் போட்டான். பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவன் கடைசியில் தானே அதை நம்பித் தொலைக்கிறான். இல்லாவிட்டால் புத்தியுள்ள எவன் இதைச் செய்வான்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது விரலால் கெட்டது.

கத்திரி ஒரு பக்கம் அந்தப் படத்தையும் இன்னொரு பக்கம் டிவியில் நிறுத்திய ஃபிரேமையும் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் குறுக்கே வடு இருந்தது. தங்கைதான் முதலில் முகத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, வடு மாறிச் சாயுது. இந்தக் கைநாட்டுல வலப்பக்கம் ஏறுது, டிவியில இடப்பக்கம் ஏறுது. அவரு விரல் இல்ல போலிருக்கே."

கத்திரி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. "போய் அந்த முகம் பாக்குற கண்ணாடிய எடுத்துட்டு வா."

பிலிமுக்கு இரண்டு பக்கம். ஒன்று வழவழப்பான முதுகு, இன்னொன்று படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கம். படம் நேராகத் தெரிவது முதுகுப் பக்கமிருந்து பார்த்தால்தான். மருந்துப் பக்கத்தில் விரல் வைத்தால் ரேகை முதுகுப் பக்கமிருந்து இடவலம் திரும்பித்தான் தெரியும். நெகட்டிவ் அறையில் ஒரு நாள் வேலை பார்த்தவள்கூட மருந்துப் பக்கத்தைத் தொடமாட்டாள், பிள்ளையின் கண்ணில் விரல் வைப்பாளா? கண்ணாடியில் தொப்பிக்காரரின் கைநாட்டைக் காட்டினார்கள். வடு இடப்பக்கம் ஏறியது. சுழியும் வடுவும் அச்சு அசலாகப் பொருந்தின.

மறுநாள் கத்திரி தளத்தில் எழுதினாள். புனைபெயர் கேட்டது; 'கைநாட்டு அக்கா' என்று கொடுத்தாள். மூன்று படம் போட்டாள்: படத்திலிருந்த ரேகை, திருப்பிப் போட்ட தொப்பிக்காரரின் ரேகை, மை தோய்த்த தன் பத்து விரல். கீழே, அன்றைக்கு நடந்ததைச் சொல்லி நாலே வரி.

பிறகு மடை உடைந்தது. மழைக்கோட்டு தன் டிஸ்க் உறையைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்று ஒரே சொல் எழுதினான். ஏழாம் மாடி, ஒரு கொலைப்படத்தில் குற்றவாளியே ரேகை கொடுத்துத் தானாக மாட்டியதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். இருட்டுப்பூனை, "தொப்பி ஐயா இனிமே குளிக்கும்போதுகூடக் கையுறை போடணும்" என்றான். அதே பூனை, அதே நக்கல். நானூறு பேர் சிரித்தார்கள், அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு இவளைப் பார்த்துச் சிரித்தவர்கள். கத்திரிக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, இரண்டு வேளைச் சாப்பாட்டைத் திருப்தியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. தங்கை எடுத்தாள். குரல்களை அடையாளம் காண்பது அவள் தொழில். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "தொப்பி!" என்று அக்காவிடம் நீட்டினாள்.

"ஏம்மா," என்றது குரல், வர்ணனையில் இருந்த கம்பீரம் இல்லாமல். "எனக்கு எண்பது வயசாச்சு. இந்த வயசுல இப்படிப் பண்ணலாமா?"

"எனக்கு அப்ப இருபத்து நாலு சார்."

"அதையெல்லாம் எடுத்துடச் சொல்லேன். உனக்கு என்ன வேணும், கேளு."

"நீங்க குடுக்குற மாதிரி எதுவும் இல்ல," என்று வைத்துவிட்டாள்.

அடுத்து டிஸ்க் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். மறுபதிப்பு வருகிறது, தொப்பிக்காரரின் வர்ணனையை எடுத்துவிடுகிறோம், நீங்களே படம் முழுக்கப் பேசுங்கள் என்றாள்.

"அவர் பேச்சுல ஒரு வார்த்தைய எடுக்கக் கூடாது," என்றாள் கத்திரி. "எல்லாம் அப்படியே இருக்கட்டும். எனக்கு அந்த இருட்டு மட்டும் போதும்."

"அது ஒண்ணே முக்கால் வினாடிதானேம்மா?"

"என் இருட்டு எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா?"

ஒலிப்பதிவு அறையில் ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் கதவு திறந்தது. கண்கள் விரிந்தன. காதில் தொப்பிக்காரர், 'கையுறைகூடப் போடாம வேலை பார்த்திருக்கா' என்று முடித்தார். இருட்டு. "நான் கையுறை போட்டிருந்தேன்டா," என்றாள் கத்திரி. கடைசி எழுத்து வெளிச்சத்தில் போய் விழுந்தது. நீளம் கூடிவிட்டது.

ஒலிப்பதிவுக்காரப் பெண் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "கடைசியில வர்ற அந்த 'டா'வை விட்டுட்டாச் சரியா உட்காரும்மா," என்றாள்.

"அதை விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்ற கத்திரி, முன்னால் இருந்த 'நான்' என்ற சொல்லை வெட்டி எறிந்தாள். "திரும்பப் போடும்மா."

மறுபடி கதவு திறந்தது.

"…கையுறைகூடப் போடாம வேலை பார்த்திருக்கா!"

"கையுறை போட்டிருந்தேன்டா."

நாற்பத்திரண்டு ஃபிரேமுக்குள் அடங்கியது. ஒரு ஃபிரேம்கூட மிச்சமில்லை.