வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு பக்க எண்

நாற்பதைத் தாண்டிய பிறகு பி.எட். சேர்ந்தேன். முதல் அசைன்மென்டிலேயே மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இணையத்தில் எடுத்தது மட்டும் போதாது, அச்சிட்ட புத்தகம் ஒன்றையாவது மேற்கோள் காட்ட வேண்டும். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண், எதுவும் விடுபடக் கூடாது.

என்னிடம் இருந்தது. கோட்டி கடைத்தெருவின் நடைபாதையில் வாங்கிய கல்வி உளவியல் புத்தகம், இரண்டு விரல் தடிமன். அதில் பிடித்த வரி ஒன்றைக் கட்டுரையில் சேர்த்தும் விட்டேன். கடைசியில் நூல் விவரம் எழுத உட்கார்ந்தபோது புத்தகத்தைக் காணோம்.

"நீலப் புத்தகமா? மெஷினுக்குக் கீழ இருக்கு" என்றார் கணவர், தோசையைப் பிய்த்தபடி.

அவருக்கு மல்லாபூர் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. சமையலறை மூலையிலிருந்த வாஷிங் மெஷினின் கால் ஒன்று உடைந்துபோனதால் கட்டை, அட்டை, என் இட்லித் தட்டு என எல்லாவற்றையும் முட்டுக்கொடுத்துப் பார்த்தாராம்.

"மில்லிமீட்டர் சுத்தமா உக்காந்தது அது ஒண்ணுதான். நீ படிச்சு முடிச்சிட்டேன்னு நெனச்சேன்."

மெஷின் வயிறு நிறையப் போர்வைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் சோப்புத் தூள் வீண் என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டுக்காரரை அழைத்து வந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர்.

"கைக்கு இத தூக்கணும்?" 'ஏன்' என்பதற்கு அவர் ஊர் உருதுவில் 'கைக்கு'.

"பக்க நம்பர் வேணும் சார்" என்றேன்.

"ஹவ், ஆமா, படிப்புன்னா சும்மாவா? புடிங்க."

இருவரும் ஒரு பக்கம் தூக்க, நான் குனிந்து புத்தகத்தை உருவினேன். அந்த நேரம் பார்த்து மெஷின் துணி பிழியத் தொடங்கியது. உதறல் தாங்காமல் இருவரும் கையை விட்டார்கள். அது தட் தட்டென்று குதித்துக்கொண்டே ஹாலை நோக்கிக் கிளம்பியது. ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் சோபாமேல் ஏறி நின்று, "மம்மி, அதி வஸ்தோந்தி!" என்று தெலுங்கில் அலறினாள். வருகிறதுதான், எங்களுக்கும் தெரிந்தது. சமையலறை வாசற்படியில் ஒயர் இழுபட்டு பிளக் கழன்ற பிறகே நின்றது. பின்னால் கழன்று கிடந்த குழாய் சமையலறை முழுக்க மல்லிகை வாசனை நுரை கக்கியிருந்தது.

கணுக்கால் அளவு நுரையில் நின்றுகொண்டே புத்தகத்தைப் புரட்டினேன். ஆசிரியர் இருந்தார், ஆண்டு இருந்தது, பதிப்பகம் இருந்தது. நான் எழுதிய வரியைத்தான் காணோம். மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். இல்லை.

"ஒருவேளை அது பச்சைப் புத்தகத்துல இருந்துச்சோ?" என்றேன் மெதுவாக.

கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது ஃப்ரிட்ஜுக்குக் கீழ இருக்கு."

எதிர் வீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். "நக்கோம்மா, நக்கோ. வேணாம், இடுப்பு போயிடும்."

எனக்கும் தெம்பில்லை. கையில் விரிந்திருந்த பக்கத்தையே பார்த்தேன். வகுப்பில் எதிர்பாராதது நடந்தால் ஆசிரியர் பதறக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. போதும். பழைய மேற்கோளை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தேன், பக்க எண்ணோடு.

அடுத்த வாரம் மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். வகுப்பிலேயே நிஜப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவள் நான் ஒருத்திதானாம். எல்லோருக்கும் காட்ட அதைக் கொண்டுவரச் சொன்னார்.

"சாயங்காலம் திரும்பி வந்துடணும். யூனிஃபார்ம் துவைக்கணும்" என்ற நிபந்தனையோடுதான் கணவர் அதை உருவிக் கொடுத்தார்.

மேடம் புத்தகத்தை விரித்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பழைய புத்தகம்னா மக்கின வாசனைதானே வரும்? இது மல்லிகைப்பூ மாதிரி மணக்குதே?"

"பூச்சி அரிக்காம இருக்க ஒரு பவுடர் மேடம்" என்றேன்.

"பார்த்தீங்களா, புத்தகத்தை எப்படிப் பராமரிக்கிறாங்க!" என்று மேடம் வகுப்பைப் பார்த்துச் சொன்னார். பின்வரிசையில் ஒருத்தி அதையும் குறித்துக்கொண்டு, எந்த பிராண்ட் என்று என்னிடம் கேட்டாள்.