சித்தூருக்கு அவர், தேவிகுளத்துக்கு நான்

எழுபதுகளின் நடுவில், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் தாலுகா அலுவலகத்தில் நான் தமிழ்க் குமாஸ்தா. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கத்து விவசாயிகள் தமிழில் எழுதிக் கொடுக்கும் மனுக்களை மலையாளத்தில் பெயர்த்து மேலே அனுப்புவது என் வேலை. இதே வேலையை இடுக்கி மலையில், தேவிகுளம் தாலுகா அலுவலகத்தில் இன்னொருவர் பார்த்தார். மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்.

திருவனந்தபுரத்தில் நடந்த மூன்று மாதப் பயிற்சியின்போது எங்கள் இருவருக்கும் ஒரே லாட்ஜ் அறையை ஒதுக்கினார்கள். துறை எனக்குச் செய்த மிகப் பெரிய நன்மை அது. செய்தது அதற்கே தெரியாது. பகலில் சர்வீஸ் விதிகள், மாலையில் சங்குமுகம் கடற்கரை. அவர் மண்டையில் விதிகள் ஏறாது, நான் சொல்லிக்கொடுப்பேன். பதிலுக்கு அவர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். இரண்டில் எது கடினமான வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி முடிவதற்குள், ஆண்கள் நாங்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறோம் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது.

பிறகு அவரவர் ஊர். கடிதத்தை யார் பிரித்தாலும் சந்தேகம் வரக் கூடாது என்று அலுவலக நடையிலேயே எழுதிக்கொண்டோம். ‘பொருள்: குடையை மறந்து சென்றது, இரண்டாம் நினைவூட்டல்’ என்று வந்தால், இந்த வாரம் என்னை அதிகமாக நினைத்திருக்கிறார் என்று பொருள்.

ஒன்றரை வருடம் பொறுத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் தேவிகுளத்துக்கு மாறுதல் கேட்டேன். குளிர் எனக்கு ஆகாது. ஆனாலும் ஆணையும் கையுமாக அவர் முன்னால் போய் நிற்க ஆசை.

ஆணை வந்தது. தலைமைக் குமாஸ்தா சத்தமாகப் படித்தார். நான் தேவிகுளத்துக்கு, தேவிகுளத்துக்காரர் சித்தூருக்கு! அவரும் என்னிடம் சொல்லாமல் என் ஊருக்கு மாறுதல் கேட்டிருக்கிறார். இரண்டு விண்ணப்பங்களையும் ஒன்றாகப் பார்த்த தலைமை அலுவலகம், பரஸ்பர மாறுதல் என்று முடித்துவிட்டது. புது இடத்தில் சேர்ந்துவிட்டால் மூன்று வருடத்துக்கு அசைய முடியாது.

தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவனந்தபுரம் ஓடினேன். பரஸ்பர மாறுதலுக்கு இருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லாததால் ஆணை செல்லாது என்று நான்கு பக்க மனு. சூப்பிரண்டு அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், அதே விதியைச் சொல்லும் மனுவோடு. சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

“ஏனுங்க, உங்களை யாருங்க சித்தூருக்கு மாத்தல் கேக்கச் சொன்னது?”

“நீரு மட்டும் என்னவாம்? மார்கழில மூணு போர்வ போத்துத மனுசன், தேவிகுளத்துல வந்து என்ன செய்யப் போறீரு?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கல்ல?”

“நீரு சொன்னீராவே?”

ப்யூன் வந்து அதட்டி உள்ளே அனுப்பினார்.

சூப்பிரண்டு ஐம்பது வயது அம்மாள். பாலக்காட்டுக் கோயில் தெருக்காரர். இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“பேஷ்! ரெண்டும் ஒரே அச்சுன்னா இருக்கு. ஆர்டரை ரத்து பண்ணிடலாம். பண்ணினா பழையபடி நீங்க சித்தூர், அவர் தேவிகுளம். ரெண்டு தமிழாளையும் ஒரே தாலுகாவில போட்டா, இன்னொரு தாலுகா மனுவை யார் படிப்பா?”

விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன், இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டை விட்டிருந்தேன். எந்த வழியில் போனாலும் நாங்கள் இருவரும் ஒரே ஊரில் இருக்க முடியாது.

“ஒரே ஊர்லதான் இருக்கணும்னா, ஆம்படையான் பொண்டாட்டிக்குத்தான் விதி இருக்கு” என்றார் கேலியாக.

சொன்னால் வேலை போகலாம். ஊரில் தலைகாட்ட முடியாமல் போகலாம். சொல்லாவிட்டால் அவர் ஒரு பஸ், நான் ஒரு பஸ்.

“அந்த விதிதானுங்க எங்களுக்கு வேணும்” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நிமிர்ந்து நின்று, “ஆமாம்மா” என்றார்.

அம்மாள் பேனாவை மூடினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ராஜினாமா கடிதத்தின் முதல் வரியை மனத்துக்குள் எழுத ஆரம்பித்திருந்தேன்.

“இதை ஃபைல்ல எழுத முடியாது, கேட்டேளா” என்றார் கடைசியில். “ஆளை ஒண்ணு சேக்கத்தான் விதி இல்லை. நாற்காலியைச் சேக்கலாமே? ரெண்டு தாலுகா மனுவையும் இங்கேயே மொழிபெயர்த்தா என்னவாக்கும்? நான் நோட் போடறேன். டிராஃப்டை நீங்களே எழுதிக் கொடுங்கோ.”

நாங்கள் வாசலை அடைந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. “இங்கே வாடகை ஜாஸ்தி. ரெண்டு பேருமா ஒரே வீடு பாருங்கோ.”

அந்த டிராஃப்டில் மேலே ஒருவரும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆறு மாதத்தில் தமிழ்ப் பிரிவு திருவனந்தபுரத்துக்கு வந்தது. இரண்டே நாற்காலிகள், எதிரெதிரே. ஓய்வு பெறும்வரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். வீடும் ஒன்றுதான், இன்றுவரை. இதைப் படித்துப் பார்த்த அவர், முதலில் வாயைத் திறந்தது தான்தான் என்று ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது.

விதி எண்ணைக் காட்டி எத்தனையோ மேலதிகாரிகளிடம் வாதாடி ஜெயித்திருக்கிறேன்; ஆனால் துணைக்கு ஒரு விதியும் இல்லாமல், உண்மையை மட்டும் நம்பி நான் பேசிய அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால்தான் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.