விளக்கைக் காத்த நாய்

அப்போது திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி ஆபீஸில் எனக்குத் தற்காலிக வேலை. தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்து, நல்ல கையெழுத்தில் பெயர்த்தெழுதிக் கொடுக்க வேண்டும். மேலதிகாரி மலையாளி, சீமையில் படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் சிபாரிசு எழுதினால்தான் என் வேலை நிரந்தரமாகும். ஆகவே அவர் தும்மினால்கூட நான் எழுந்து நிற்பேன்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த ஒரு கல்வெட்டில் ‘திருவிளக்குப் பட்டி’ என்று இருந்தது. கோயிலில் விளக்கெரிக்க விட்ட நிலம், அவ்வளவுதான். ஆனால் மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மனிதர் கோயில் விளக்கைக் காத்த நாயைப் பற்றி இங்கிலீஷில் பதினொரு பக்கம் எழுதிவிட்டார். அந்த நாய் என்ன ஜாதி என்று ஆராய ஓர் அடிக்குறிப்பு வேறு. பிரதி எடுக்கும்போது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஸார், இது நாய் இல்லே, நிலம்” என்றேன்.

“தான் பறஞ்சாப் போருமோ? தெளிவு எவிடெ?” நான் சொன்னால் போதாதாம், ஆதாரம் வேண்டுமாம்.

“நான் பொறந்த ஊர்ப் பேர்லயே பட்டி இருக்கு, ஸார். அங்க யாரும் குரைக்கறதில்லே.”

அவர் சிரிக்கவில்லை. “எடோ, நாட்டுக்காரன் பறயுந்நது ஆராய்ச்சியல்ல. இங்கிலீஷில் எழுதியது உண்டெங்கில் கொண்டு வா.”

நாய் அச்சேறினால் ஊர் சிரிக்கும். கடைசியில் பிரதி எடுத்தவன் தலையில்தான் விடியும். வேலையும் போய்விடும். பயமாகத்தான் இருந்தது. மறுநாள் அவர் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் ஆபீஸ் டைப்ரைட்டரில் நானே மூன்று வரி இங்கிலீஷ் தட்டினேன். தமிழ் ஜில்லாக்களில் பட்டி என்ற சொல் மானிய நிலத்தைக் குறிக்கும் என்று எழுதினேன். கையெழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. லண்டனிலிருந்து வந்திருந்த சஞ்சிகைக்குள் அதைச் செருகி வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை, உண்மைக்குக் கோட்டு மாட்டினேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். கையில் என் தாள்.

“நோக்கு! சீமையில் உள்ளவர்க்கு அறியாம். தமிழனாயிட்டும் தனக்கு அறிஞ்ஞூடா!” சீமைக்காரருக்குத் தெரிந்தது தமிழனான எனக்குத் தெரியவில்லையாம்.

“தப்புதான், ஸார்” என்றேன் பவ்யமாக.

பதினொரு பக்கமும் குப்பைக்குப் போயின. அடுத்த மாதமே என் வேலை நிரந்தரமாயிற்று. சந்தோஷம் தாங்காமல் சாலைக் கடையில் ஒரு புது வேஷ்டி வாங்கினேன். பிறகுதான் ஆபீஸ் குமாஸ்தா என் பைலைக் காட்டினார். அதிகாரியின் சிபாரிசு ஒரே வரி: கையெழுத்து நன்று, இங்கிலீஷ் பரவாயில்லை, தமிழறிவு போதாது.

ஆட்சேபித்து அன்றே மனு எழுத உட்கார்ந்தேன், இங்கிலீஷில்.