குறி கூடினால் குறையும் சுரம்

சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் அவரைக் கத்தரிக்காரம்மா என்றே எல்லோரும் அழைத்தனர். தையல் இயந்திரத்தில் தொடங்கி, அளவு தப்பாத கை என்று பெயரெடுத்துத் துணி வெட்டும் மேசைக்கு உயர்ந்தவர். மாலையில் துணிச்சரக்கு வைக்கும் இருப்பறையில் கூடும் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவரும் அவரே. எந்த மெட்டையும் இரண்டு முறை கேட்டால் போதும், விரல்கள் பிடித்துக்கொள்ளும். எழுதிய இசையைப் படிக்க வேண்டிய தேவையே அவருக்கு நேர்ந்ததில்லை.

அந்தத் தெம்புக்கு வேட்டு வைத்தவர் குழுவை நடத்திய இருப்பறைப் பொறுப்பாளர். தாமே ஒரு மெட்டு கட்டி, அதன் நடுவே முரசின் அடிக்குக் கிளாரினெட் தனித்து ஒலிக்க, மேற்கத்திய முறையில் ஐந்து கோடுகள் மேல் எட்டுக் கட்டங்கள் எழுதிக் கொடுத்தார். தனிப்பகுதி வேண்டும் என்று கத்தரிக்காரம்மா வெகுநாளாகக் காத்திருந்தார். ஆனால் இது யாரும் கேட்டிராத மெட்டு. ஒருமுறை பாடிக் காட்டுமாறு கேட்டதற்குப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் படித்து வாசிக்காவிட்டால் பகுதி பட்டன்காரருக்குப் போய்விடும் என்றும் சொல்லிவைத்தார். பட்டன் தைக்கும் அந்த மனிதர் நன்றாகப் படிப்பார், சுமாராக ஊதுவார்.

சுரம் எந்தக் கோட்டில் இருந்தால் எந்த விரல் என்பது கத்தரிக்காரம்மாவுக்கு ஒருவாறு தெரியும். எவ்வளவு நேரம் ஊதுவது என்பதுதான் பிடிபடவில்லை. தொழில் புத்தி கைகொடுத்தது. அளவு நாடாவை எடுத்து ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். அகல இடைவெளிக்கு நீள ஊதல், குறுகிய இடைவெளிக்குக் குட்டை ஊதல். அன்று மாலை ஒத்திகையில் அவர் ஒரே சுரத்தை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் மெட்டையே முடித்துவிட்டனர்.

மறுநாள் உணவு இடைவேளையில், குழுவில் முரசு அடிக்கும் நாத்தனார் வெட்டுமேசைக்கு வந்து சேர்ந்தாள்.

"அண்ணி, தாளைப் போய் நாடா வெச்சு அளந்தீங்களாமே? நல்லவேளை, எனக்குச் சட்டை தைக்கல."

"நீ மட்டும் எதை வெச்சு அடிக்கிற?"

"கட்டம் அகலமோ குறுகலோ, ஒண்ணுக்கு நாலு அடி. எனக்கு வேற எதுவும் தெரியாது."

நாலு அடி. கத்தரிக்காரம்மா நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுத் தாளை மீண்டும் பார்த்தார். ஒரு கட்டத்தில் சுரக்குறியாகக் காம்பில்லாத வெற்று முட்டை வடிவம் ஒன்று மட்டுமே இருந்தது. அப்படியானால் நாலும் அதற்கே. காம்பு முளைத்த முட்டைகள் இன்னொரு கட்டத்தில் இரண்டு இருந்தன. உள்ளே மை நிரம்பியவை வேறொன்றில் நான்கு. வால் முளைத்தவை எட்டு. மை கூடக்கூட ஓசை ஏன் குறைகிறது? அவர் பார்வை பக்கத்தில் விரித்திருந்த துணியில் சாக்குக்கட்டியால் இட்ட கோடுகளில் நின்றது. குறியே இல்லாத துணி முழுத் துணி. ஒரு கோடு போட்டால் ஒரு வெட்டு. காம்பு ஒரு வெட்டு, மை ஒரு வெட்டு, வால் ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் சுரம் பாதியாகிறது. அவர் சாப்பாட்டை மறந்து மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை ஏழு கட்டங்கள் தடங்கலின்றிப் போயின. எட்டாவதில் மை நிரம்பிய சுரங்கள் மூன்றே இருந்தன. அவற்றுக்குப் பின் நெளிந்த ஒரு கோடு. பேனா வழுக்கியது என்றே அதுவரை எண்ணியிருந்தார். மூன்றாவது சுரத்தை ஊதும்போதுதான் உறைத்தது. கணக்கு நாலு ஆக வேண்டும், ஒன்று குறைகிறது. அப்படியானால் அந்த நெளிவும் ஓர் அடி பெறும். ஊதாத அடி. மூன்றாவதை இழுக்கும் ஆசையை அடக்கி, உதட்டை எடுத்தார். அந்த வெற்றிடத்தில் முரசு மட்டும் ஒரு முறை அதிர்ந்தது.

பட்டன்காரர் தம் கையிலிருந்த இசைத்தாளின் படியை மடித்துப் பையில் வைத்தார். பொறுப்பாளர் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

நாத்தனார் குனிந்து கேட்டாள். "நான் அடிச்சது கேட்டுச்சா அண்ணி?"

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேட்டுச்சு."