அக்கா செய்த பறக்கும் தட்டு

வெள்ளைக்காரர்களுக்குக் கோயிலில் என்ன வேலை என்பது அந்த வயதில் எனக்குப் பிடிபடாத விஷயங்களில் ஒன்று. சாமி கும்பிட மாட்டார்கள், திருநீறு வாங்க மாட்டார்கள், வெறுங்காலோடு சுடுகல்லில் துள்ளித் துள்ளி நடந்து சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துக்கு அப்படி நிறையப் பேர் வந்தார்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயில் ஓடிப்போகிற தூரம்தான் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களை வேடிக்கை பார்ப்பது எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு உத்தியோகமாகவே இருந்தது.

ஒருநாள் கோயிலுக்கு முன்னாலிருந்த புல்தரையில் தாடி வைத்த ஒருவரும் அவருடைய கூட்டாளியும் சிவப்புத் தட்டு ஒன்றை எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எறிந்த பொருள் விழுவதுதான் முறை. இது விழவில்லை. சுழன்றுகொண்டே போய், நடுவில் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு நிதானமாக இறங்கி எதிரே நின்றவர் கையில் உட்கார்ந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர்கள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரிக்‌ஷா ஏறிப் போன பிறகும் அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. நைனா தறியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா ராட்டையை நிறுத்தாமல், "சோறு துன்ற தட்டத் தூக்கி எறியறானுங்களா? நல்லா வெளங்கும்" என்றாள். அக்கா மட்டும் கையில் ஊடுநூல் ஓட்டுகிற நாடாவோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஓரம் எப்பிடிடா இருந்துது? மடிச்சா மாதிரியா, வெட்டுனா மாதிரியா?"

அக்கா பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். எங்கள் ஊர்ப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், அவற்றைக் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். நைனாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போடுவது அவள் வேலை. தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிற காலை நேரம், அம்மாவோடு போகிற வெள்ளிக்கிழமைக் கோயில், இவை தவிர அவளுக்கு வெளியுலகம் என்று ஒன்று கிடையாது. நான்தான் அவளுடைய செய்தித்தாள். அச்சுப்பிழை நிறைந்த செய்தித்தாள் என்பது அவளுக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் வாங்கிப் படித்தாள்.

கண்ணால் பார்க்காத அந்தத் தட்டை அவள் செய்யத் தொடங்கினாள். பழைய செய்தித்தாளைக் கிழித்து, பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியில் நனைத்து, அலுமினியத் தட்டின் முதுகில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்தாள். வீட்டில் தறி போக மீதியிருந்த இடத்தில் திரும்பிப் படுப்பதே சிரமம் என்பதால், எறிந்து பார்க்கிற பதவி எனக்கு வந்தது. முதல் தட்டு நான் எறிந்ததும் குட்டிக்கரணம் போட்டு எதிர்வீட்டு ஆட்டின் முன்னால் விழுந்தது. ஆடு அதைத் தின்றுவிட்டது. கஞ்சி போட்ட காகிதம் அதற்குப் பலகாரம்.

அடுத்ததற்கு அக்கா வேப்பெண்ணெய் தடவினாள். ஓரத்தில் கழிவு நூலை முறுக்கி, உள்பக்கமாகச் சுற்றி ஒட்டினாள். "கரை கனமா இருந்தாத்தான் சேல சொன்ன பேச்சு கேக்கும். இதுவும் கேக்கும் பாரு" என்றாள். கேட்டது, ஆனால் அரைகுறையாக. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு அசதி வந்ததுபோல் தரையில் சரிந்தது. நான் ஓடிவந்து சொல்ல, அவள் குடைந்து குடைந்து கேட்பாள். எவ்வளவு உயரம் போச்சு, மூக்கு மேல தூக்குச்சா, கீழ குத்துச்சா. கடைசியாக ஒருநாள், "எந்தப் பக்கமா சுத்துது? வெரலால காட்டு" என்றாள். நான் விரலை ஆகாயத்தில் வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவில் விற்கிற ஓலைக் காற்றாடியை நினைத்துக்கொண்டு அவள் செய்ததுதான் அடுத்த தட்டு. மேல்பரப்பில் பூவிதழ் மாதிரி சின்னச் சின்னதாகக் கீறி, ஒவ்வொரு இதழையும் நான் காட்டிய சுழற்சிக்கு ஏற்றபடி ஒரே பக்கமாக லேசாகத் தூக்கிவிட்டிருந்தாள். அந்த இதழ்கள் காற்றைக் கடைந்து தட்டை மேலே தூக்கும் என்பது அவள் கணக்கு. தூக்கியது. தெருவின் ஒரு கோடியிலிருந்து எறிந்தேன். பையன்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அன்றைக்கு நான் தெருவில் ராஜா. வீட்டுக்குள் வந்து மூச்சிரைக்கச் சொன்னபோது அக்கா என்னை இழுத்து உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தாள். பிறகு, "நானும் ஒரு தபா எறியணும்டா" என்றாள். அதற்கென்ன, எறியேன் என்றேன். எங்கே எறிவாள் என்று நான் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் என் இடது கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பிறவியிலேயே இடதுகைக்காரன். அதை எங்கள் வீட்டில் ஒரு நோயாகவே பாவித்தார்கள். அம்மா சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவுவாள். வாத்தியார் விரல் முட்டியில் அடிப்பார். இப்படியே வலது கையால் சாப்பிடவும் எழுதவும் பழகி, எனக்குக் குணமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். என் இடது கை வீட்டுக்குள் பரம சாது. தெருவுக்குப் போனால்தான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். கல்லோ கோலியோ தட்டோ, அதுதான் எறியும். தெருவில் என்னைத் திட்ட ஆளில்லை, அதனால் எனக்கே அது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை.

அதே மாதங்களில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரணியிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. சொந்தத் தறிகள் வைத்து ஆட்களை நெய்ய விடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்கு முதல் சம்சாரம் தவறிப்போய்விட்டது. வயது நைனாவுக்குக் கொஞ்சம் கீழே. நைனா சந்தோஷத்தில் பாக்கு மென்றபடி தறிக்குழிக்குள் இறங்குவார். அக்கா ஒருமுறை அடுப்பங்கரையில் அம்மாவிடம், "எனக்கு வேணாம்மா" என்றாள். அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். பக்கத்திலிருந்த அத்தைதான், "எல்லாப் பொண்ணும் இப்பிடித்தான் சொல்லும். நானும் சொன்னேன்" என்று சிரித்தாள். நானும் அதை அப்படியே நம்பினேன். மாப்பிள்ளை வீட்டில் டைனமோ வைத்த சைக்கிள் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, அந்தக் கல்யாணத்தை மிகவும் விரும்பியவன் நான்தான்.

சித்ரா பௌர்ணமி வந்தது. அன்றைக்கு வரதராஜப் பெருமாள் பாலாற்று மணலுக்கு எழுந்தருளுவார். ஊரே புளியோதரை கட்டிக்கொண்டு சாயங்காலமே போய் மணலில் இடம் பிடிக்கும். வழக்கமாக அக்காவை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள், அந்த வருஷம் அவளையும் கிளப்பினார்கள். பட்டு நெய்கிற வீட்டில் பட்டு உடுத்துவது அபூர்வம். அம்மா பெட்டியிலிருந்து தன் கல்யாணத்து அரக்குச் சேலையை எடுத்து அக்காவுக்குக் கட்டிவிட்டாள். தலை கொள்ளாத மல்லிகை. பிறகு என்னைத் தனியாக அழைத்து, "ஆரணிக்காரங்க அங்க வராங்க. பொண்ணப் பாக்கத்தான். அக்காகிட்ட மூச்சு வுடாத" என்றாள். என்னை நம்பி ஒரு ரகசியம் ஒப்படைக்கப்பட்டதில் நெஞ்சு நிமிர்ந்தது. வண்டியில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தேன்.

மணலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் பக்கத்திலேயே ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. பெரிய மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், அவள் மகள், வெயில் தாழ்ந்த பிறகும் குடையைப் பிரியாமல் கக்கத்தில் வைத்திருந்த, நைனா வயதிருக்கும் ஒரு மனிதர். "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். நாடகத்தில் சேர்த்திருந்தால் நன்றாக வந்திருப்பாள். குடைக்காரர் எனக்கு ஒரு கை வேர்க்கடலை கொடுத்தார். நல்ல மனிதர் என்று உடனே முடிவு செய்துவிட்டேன்.

கடலையைத் தின்றுவிட்டு நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்காவும் எழுந்து கூடவே வந்தாள். அம்மா கண்ணை உருட்டினாள். விருந்தாளிகள் முன்னால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூக்குத்தி அம்மாளின் மகள், "வெளையாடட்டும், சின்னப் பொண்ணுதான?" என்றாள். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணல். இறங்குகிற சூரியன் ஒரு பக்கம், ஏறுகிற நிலா மறுபக்கம். அக்கா தட்டை வாங்கி, அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, வலது கையால் எறிந்தாள்.

எறிந்த வேகத்தில் தட்டு தலைகுப்புற மணலில் குத்திக்கொண்டது. மறுபடி எறிந்தாள். மறுபடி குத்திக்கொண்டது. அவள் முகம் விழுந்துபோயிற்று. பெண்களுக்கு எறியத் தெரியாது என்ற பெரிய உண்மையை நான் அன்றைக்குக் கண்டுபிடித்தேன். "குடுக்கா, நான் காட்டறேன்" என்று வாங்கி வீசினேன். தட்டு ஜம்மென்று எழும்பி, வண்டி மாடுகளுக்கு மேலாகப் போய் இறங்கியது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் தட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கைடா அது?"

சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். வேப்பெண்ணெய் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அக்கா கோபிக்கவில்லை. "அடப்பாவி, இத்தினி நாளும் இதுலதான் எறிஞ்சியா? உன் பீச்சாங்கைக்குத்தான் நான் இத்த செஞ்சி வச்சிருக்கேனா?" என்றாள். நான் காட்டிய சுழற்சி இடது கையின் சுழற்சி. அதற்காகத் தூக்கிய இதழ்கள் வலது கையில் தட்டை மேலே ஏற்றாமல் கீழே அழுத்தின. அவ்வளவு பாடுபட்டு அவள் செய்த பொருள் அவள் கையில் பறக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கென்றே செய்திருக்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

அக்கா என்னிடமிருந்து தட்டை வலது கையில் வாங்கிக்கொண்டாள். ஜமக்காளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மூக்குத்தி அம்மாள் அம்மாவிடம் பேசிக்கொண்டே கண்ணை அக்காமேல்தான் வைத்திருந்தாள். அக்கா தட்டை இடது கைக்கு மாற்றினாள்.

"அக்கா, வேணாம். அம்மா பாத்துக்கினு இருக்குது."

"பாக்கட்டும்."

முதல் வீச்சு கோணலாகப் போயிற்று. அடுத்தது எழும்பியது. அதற்கு அடுத்தது அரக்குப் பட்டுக்கு மேலே, மணலுக்கு மேலே, எழும்பிச் சுழன்று நின்றது. அக்கா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. தலையிலிருந்த மல்லிகை உதிர உதிர, எடுப்பதும் எறிவதுமாக, இடது கையாலேயே. நானும் கத்திக்கொண்டு ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் அதற்கு முன் இருந்ததில்லை.

வியர்த்து விறுவிறுத்து ஜமக்காளத்துக்கு வந்தோம். மூக்குத்தி அம்மாள் ஒரு தொன்னையில் பிரசாதச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, "இந்தாம்மா" என்று நீட்டினாள். அக்கா அவளை நேராகப் பார்த்து இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அம்மா, "ஐயோ, சோத்துக்கைடி!" என்று பதறினாள். அக்கா கேட்காதவள்போல் அந்தக் கையாலேயே தொன்னையை வாய்க்குக் கொண்டுபோனாள். விளையாட்டு மும்முரத்தில் கை மாறிப்போய்விட்டது, பாவம் என்று நான் நினைத்தேன். குடைக்காரர் குடையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். பெண் பீச்சாங்கை என்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டீர்களே என்று ஆரணிக்காரர்கள் வருத்தப்பட்டார்களாம். விளக்கேற்ற வேண்டிய கை அது, அவர்களுக்குச் சரிப்படாதாம். நைனாவுக்கு வந்த கோபத்தில் தறிக்குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "எம் பக்கத்துல உக்காந்துகினு இவ எந்தக் கையால நாடா போடறான்னு எனக்குத் தெரியாதா? வரச் சொல்லுய்யா, வந்து பாக்கச் சொல்லு!" தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மா மூக்கைச் சிந்தியபடி ராட்டை சுற்றினாள். ஆற்று மணலில் ஏதோ காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று அத்தை சொன்னாள். அக்கா அன்றைக்கு ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இவ்வளவு பெரிய துக்கத்தில் இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எனக்கு இறங்கவில்லை. என் கையிலிருந்துதான் அந்த நோய் அவளுக்குத் தொற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னால் அவள் கல்யாணம் நின்றுபோயிற்று. நைனாவும் அம்மாவும் இல்லாத நேரம் பார்த்துத் தறியருகே போனேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, சாமி சத்தியமா இனிமே நான் பீச்சாங்கையால எறிய மாட்டேன்."

அக்கா நாடாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் வெளியே போகாமலிருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். என்னை இழுத்து மடியில் போட்டு, என் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன்.