விதைக் கூடையில் பெரியம்மா

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல் ரேங்க். கடைசி ரேங்கும் நானேதான். அட்டெண்டன்ஸ் நோட்டில் ஒரே ஒரு பெயர். காலை எட்டரை மணிக்கு அம்மா சாப்பாட்டை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து அந்தப் பெயரைக் கூப்பிடுவாள். அவள் முழங்காலில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். மத்தியானம் வரைக்கும் டீச்சர், அதற்கப்புறம் அம்மா. பத்து மணிக்குப் பசித்து "அம்மா, ஒரு வாழைப்பழம்" என்று கேட்டால் அவள் காதிலேயே விழாது. "டீச்சர்" என்று கேட்டால், "பாடம் நடக்கும்போது என்ன தீனி?" என்று திட்டு விழும். எப்படிக் கேட்டாலும் பழம் கிடைக்காது.

கொல்லிமலையில், தேவனூர் நாடு என்கிற ஊரில் எங்கள் ஊடு. அப்பா மலையிலேயே பிறந்தவர். மிளகும் மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் போடுகிறவர். அம்மா கீழே சேந்தமங்கலத்துப் பெண், கல்யாணத்துக்கு முன்னால் டீச்சராக வேலை பார்த்தவள். மூன்றாம் வகுப்புக்கு என்னைக் கீழே ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். நான் அங்கே படித்ததைவிட அழுததுதான் அதிகம். சோறு தொண்டையில் இறங்காது. மணி அடித்தால் வயிறு வலிக்கும். பாயை நனைத்துவிட்டு அதை மறைக்க நான் செய்த தந்திரங்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். முழுப்பரீட்சை லீவில் வந்த என்னைப் பார்த்து, "எலும்பை எண்ணலாமாட்ட இருக்குதே" என்று சொன்ன அம்மா, அதற்கப்புறம் என்னைத் திருப்பி அனுப்பவே இல்லை. நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு இது பிடிக்கவில்லை. மகள் ஒரு மலைக்காரரைக் கட்டிக்கொண்டு மலையேறியதைக்கூட அவர் மன்னித்துவிட்டார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியதை மன்னிக்கவில்லை. "ஒரு வருசம் பார்ப்பேன். ஜூன் மாசம் நானே வந்து பரீட்சை வெப்பேன். புள்ள தேறலீன்னா நானே ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள். அவர் பேச்சுக்கு அம்மா எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அந்த மே மாதம் முழுக்க எனக்கு அந்த ஒரு பரீட்சை நினைப்புதான்.

அம்மாவோ நான் தேறிவிட்ட மாதிரியே அடுத்த வருஷத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். சேந்தமங்கலம் போய் நோட்டு, காக்கி அட்டை, லேபிள் எல்லாம் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அட்டை போட்டோம். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி என்று கோடு போட்டிருக்கும். பெயர் எழுதினேன். வகுப்பு ஐந்து. பிரிவுக்கு 'அ' என்று போட்டேன். இருக்கிற ஒரே பிள்ளை 'ஆ' பிரிவுக்கா போகும்? பள்ளி என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. ரொம்ப யோசித்து 'எங்க ஊடு' என்று எழுதினேன். டீச்சர் அதை அடித்து 'எங்கள் வீடு' என்று திருத்தினாள்.

அந்த முறை நோட்டுகளோடு ஒரு பிஸ்கட் டின்னும் வந்தது. அப்புச்சி ஊட்டுப் பீரோவில் கரையான் ஏறிவிட்டதாம். அரித்தது போக மிஞ்சிய போட்டோக்களை டின்னில் போட்டு, மலையிலாவது இருக்கட்டும் என்று கொடுத்து அனுப்பியிருந்தார். மொத்தம் முப்பத்தொன்று. அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் பாடம்தான். புது வருஷத்தின் முதல் பாடம் 'நம் குடும்பம்' என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு போட்டோவின் பின்னாலும் பென்சிலால் நம்பர் போட்டு, அது யார், எப்போது எடுத்தது என்று அவள் சொல்லச் சொல்ல நான் புது நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றே நாளில் முப்பத்தொன்றையும் தலைகீழாக ஒப்பிப்பேன்.

பதினேழாம் நம்பர் பெரியம்மா. அம்மாவின் அக்கா. கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டூடியோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டி, தோளில் பையை மாட்டி நிற்கிறாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று எடுத்ததாம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுகிறாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே அழுகை. அப்புச்சி ஓர் அதட்டுப் போட்டு நிற்க வைத்து எடுத்த படம் அது. அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா அப்போது கைக்குழந்தை. நான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே சங்கடம், என்னைவிட நான்கு வயது சின்னவளை எப்படிப் பெரியம்மா என்று எழுதுவது என்பதுதான். கேட்டும் பார்த்தேன். "முறைன்னா முறைதான். எழுது" என்றாள் டீச்சர்.

ஆல்பம் மட்டும் இன்னும் வரவில்லை. அப்புச்சி வரும்போது நாமக்கல்லில் பெரியதாக வாங்கி வருவதாக ஏற்பாடு. "அதுவரைக்கும் இதையெல்லாம் பத்திரப்படுத்தணுமுங்க. மழை புடிச்சா பூசணம் பூத்துப் போயிரும்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பத்திரப்படுத்துவதா? அது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே!

போன வருஷம் அறிவியல் பாடத்துக்காக அம்மா என்னை அப்பாவிடம் அனுப்பியிருந்தாள். விதையை அடுத்த வருஷத்துக்கு எப்படி எடுத்து வைப்பது என்பது பாடம். நோட்டில் படம் போட்டு 'நன்று' கூட வாங்கியிருந்தேன். மூங்கில் கூடைக்கு உள்ளேயும் வெளியேயும் சாணி மெழுக வேண்டும். அடியில் அடுப்புச் சாம்பல், அதன்மேல் நொச்சி இலை, பிறகு விதை, மறுபடியும் சாம்பல். மூடியைச் சாணி பூசி அடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிட்டால் போதும். புகை படப்படப் பூச்சி அண்டாது, பூசணம் பிடிக்காது. விதைக்கே இவ்வளவு என்றால் போட்டோவுக்குக் கேட்க வேண்டுமா? அப்புச்சி பார்த்து அசந்துபோவார், ஹாஸ்டல் பேச்சையே எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். அம்மா சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஒற்றை ஆளாக எல்லா வேலையையும் செய்து முடித்தேன். காலி டின்னை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மெழுகிய கூடை நன்றாகக் காய்ந்த பிறகுதான் விதையைப் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதையும் நோட்டில் எழுதித்தான் இருந்தேன். ஆனால் அம்மா வருவதற்குள் முடிக்க வேண்டுமே!

பத்து நாள் கழித்து அப்புச்சி வந்தார். பஸ்ஸிலிருந்து அவரைக் கண்டக்டர்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எங்கள் வாசற்படியில் ஒரு தடவை கால் தடுக்கியது. அம்மா நீட்டிய தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க இரண்டு முறை காற்றில் துழாவினார். "மலையேற எழுவது வளைவு அம்மிணி. கிறுகிறுன்னு வந்திருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். பைக்குள் கையை விட்டுப் பெரிய ஆல்பத்தை எடுத்து வைத்தார். கூடவே ஹாஸ்டலில் சேர்க்கிற விண்ணப்பப் பாரமும் வெளியே வந்தது. எனக்கு ஆல்பம் கண்ணிலேயே படவில்லை.

மற்ற நாளில் அப்புச்சி வந்தால் என் நோட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சிவப்புப் பேனாவோடு உட்காருவார். அன்று நோட்டைத் தொடவில்லை. "நீயே படி சாமி, நான் கேக்கறேன்" என்றார். தமிழ், கணக்கு, வாய்ப்பாடு எல்லாமே வாய்ப் பரீட்சை. மனுஷன் இவ்வளவு லேசாக விட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே குஷி. "செரி, அந்தப் போட்டோவெல்லாம் கொண்டா. அதுல என்ன படிச்சேன்னு பார்ப்போம்" என்றார்.

அம்மா டின்னைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அவள் அதிர்ந்து நிற்கும்போதே, "இருங்கம்மா, இருங்க!" என்று ஓடி, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து கூடையை இறக்கினேன். பெருமையாக நடு ஊட்டில் வைத்து மூடியைப் பெயர்த்தேன். குப்பென்று ஒரு வாடை. ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்திருந்தது. சாம்பல் களி மாதிரிக் குழைந்து போட்டோக்களோடு ஒட்டிக் கிடந்தது. சில ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சில பழுப்பேறிச் சுருண்டிருந்தன. பதினேழாம் நம்பரில் நாற்காலி இருந்தது, பை இருந்தது, ஒரு பக்கத்து ரிப்பன் இருந்தது. முகம் இருந்த இடத்தில் டீ சிந்தின மாதிரி ஒரு கறை.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்புச்சி, "எங்க கண்ணு, கொண்டா" என்று கையை நீட்டிவிட்டார். ஒட்டாமல் பிரிந்து வந்த ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். போச்சு, ஹாஸ்டல்தான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் அதை விரலால் தடவினார்.

"என்ன சாமி, நறநறங்குது?"

"சாம்பலுங்க அப்புச்சி. பூச்சி அண்டாதுங்க."

"அடிக் கழுதே! விதையாட்டமா வெச்சே?" என்று சிரித்தார். போட்டோவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு என்னிடமே நீட்டி, "இது யாரு, சொல்லு" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்டவில்லை! பரீட்சைதான் வைக்கிறார்! "மூணாம் நம்பருங்க. நீங்க புதுசா சைக்கிள் வாங்கினப்ப எடுத்ததுங்க. பின்னால சின்ன அப்புச்சி உக்காந்திருக்காருங்க" என்று ஒப்பித்தேன். சைக்கிள் பாதிதான் தெரிந்தது. சின்ன அப்புச்சியைச் சுத்தமாகக் காணோம். நான் அசருவேனா? பார்த்துச் சொல்கிறவளைப் போலவே விரலை வைத்து வைத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றையும் தடவிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அம்மா கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பதினேழு வந்தது.

"பெரியம்மாங்க. ஒண்ணாப்பு சேத்துன அன்னிக்கு எடுத்ததுங்க. நாற்காலியப் புடிச்சுட்டு நிக்கறாங்க. ரெட்டைச் சடைங்க."

"என்ன பண்றா?"

முகம்தான் இல்லையே தவிர நோட்டில் எழுதியது மறக்குமா? "அழுவறாங்க அப்புச்சி. பள்ளிக்கூடம் போமாட்டேன்னு அழுவறாங்க."

அப்புச்சி அந்தப் போட்டோவை என் கையிலிருந்து திரும்ப வாங்கித் தடவினார். அப்புறம், "இன்னுமா அழுவறா?" என்று கேட்டார்.

இது என்ன கேள்வி? போட்டோவில் அழுகிறவர்கள் அழுதபடிதானே இருப்பார்கள்? ஏதோ மடக்கப் பார்க்கிறார், ஏமாந்துவிடக் கூடாது என்று, "ஆமாங்க, நல்லாத் தேம்பித் தேம்பி அழுவறாங்க" என்று அடித்துச் சொன்னேன்.

அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. மீதிப் போட்டோக்களைத் தொடவும் இல்லை. பாயில் துழாவி அந்தப் பாரத்தை எடுத்து, நான்காக மடித்து அம்மா நின்ற பக்கம் நீட்டினார். "அடுப்புல போட்டுரு அம்மிணி. புள்ள இங்கயே படிக்கட்டும். நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கே" என்றார். குரல் கரகரத்தது. அதுவும் வளைவு செய்த வேலை என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு ஓடி, ஏணி வைத்து மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி, "பாசுங்கப்பா! நான் பாசு!" என்று கத்தினேன். அப்பா உள்ளே வந்து கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "கூடை காயறதுக்கு முன்னால எவனாச்சும் விதையப் போடுவானா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, எங்க அப்பாவுக்குக் கண்ணு தெரியலீங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புச்சி வாய்க்கு வாய் கண்ணு என்று கூப்பிடுவது என்னை. அவ்வளவு நேரம் பரீட்சை வைத்தவருக்கு என்னைத் தெரியவில்லையா? நேராக அவரிடமே போய், "நான் யாருங்க அப்புச்சி?" என்று கேட்டேன். "நீ என்னோட கண்ணு" என்றார். அம்மாவிடம் திரும்பி வந்து, "தெரியுதாமுங்கம்மா" என்றேன். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அடிக்குக் காத்திருந்த எனக்கு இதுவும் புரியவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சொன்னால் மகள் பயப்படுவாள் என்று மறைத்து வைத்திருக்கிறார். அடுத்த வாரமே நாமக்கல் கூட்டிப்போய் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள், கொஞ்ச நாள் விட்டு இன்னொன்றுக்கு. நடுவில் வந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் பாடமாக, ஒட்டிக் கிடந்த போட்டோக்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தோம். துணிக்கொடியில் கிளிப் மாட்டி நிழலில் காயப்போட்டோம். தேறியது இருபத்திரண்டு, முகத்தில் கறை படிந்த பதினேழாம் நம்பரையும் சேர்த்து. அம்மா அவற்றை ஆல்பத்தில் செருகச் செருக, நான் கீழே லேபிள் எழுதி ஒட்டினேன். அந்த வாரம் மாதிரி சந்தோஷமாக நான் எந்தப் பாடமும் படித்ததில்லை.

ஆடி மாசம் அப்புச்சி கறுப்புக் கண்ணாடியோடு மலையேறி வந்தார். வந்ததும் வராததுமாக, "ஆல்பத்தைக் கொண்டா கண்ணு" என்றார். இப்போது எல்லாம் தெரிந்துவிடுமே! ஒரு பாரத்தை அடுப்பில் போட்டால் என்ன, இன்னொரு பாரம் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெரியம்மா வந்ததும் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபரேஷன் செய்த கண், வெளிச்சம் பட்டால் அப்படித்தான் என்று அம்மா சொல்லியிருந்தாள். பிறகு என் தலையில் கையை வைத்து, "உடு சாமி. ஒருவழியா அழுவைய நிறுத்திட்டா" என்றார்.

அப்பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஹாஸ்டலும் இல்லை, திட்டும் இல்லை, எவ்வளவு நல்ல அப்புச்சி என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன். பெரியம்மாவுக்கு அந்த ஒரு போட்டோவைத் தவிர வேறு போட்டோ கிடையாது என்று நான் காலேஜ் முடிக்கும் வரைக்கும் அம்மாவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.